சர்வகலாசாலை வாழ்வும் நம் வாலிபரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



இன்று நாம் பல்கலைக்கழகம் என்று சொல்லுகிறோம். நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் சர்வகலாசாலை என்றே சொல்லுவார்கள். அந்தப் பழைய பெயரையே இன்றைய பேச்சுக்குத் தலைப்பாக வைக்கும்படி உங்கள் செயலாளரைக் கேட்டுக்கொண்டேன். எல்லாக் கலைகளும் உறையும் சாலை என்பது அதன் பொருள். நம்முடைய பிள்ளைகளிற் பலர் அந்தச் சாலைக்குள் மூன்று நான்கு வருஷம் இருந்துவிட்டு, ஒரு கலையின் ஒரு மூலையை மாத்திரம் பார்த்துவிட்டு வெளியே வருகிறார்கள். பேராதனையிலே மாணவனாகவும் பின்னர் ஆசிரியனாகவும் பல வருஷங்கள் இருந்தவன் என்ற முறையில் இதனை நேரிற் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஆகையால் வாழ்த்துரையைச் சுருக்கிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவது எப்படி என்பதைப் பற்றி இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் பேசுகிறார்கள். இசட் புள்ளி என்ன, வெட்டுப்புள்ளி என்ன, எந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்பதெல்லாம் அப்பு ஆச்சிமாருக்குக் கூட மனப்பாடம். ஆனால் எடுபட்ட பின்னர் அங்கே எப்படி வாழ்வது என்பதை ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பயணப் பெட்டியைக் கட்டும்போது ஒரேயொரு புத்திமதிதான் கிடைக்கிறது. "தம்பி, படிப்பை மட்டும் பார். வேறை ஒன்றிலையும் தலையைப் போடாதை."

இந்தப் புத்திமதியை நான் பரிகசிக்க மாட்டேன். அது காரணமில்லாமற் பிறந்ததன்று. 1971 ஆம் ஆண்டையும் 1983 ஆம் ஆண்டையும் கண்டவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். 1987 முதல் 1989 வரை நாட்டின் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், அதன் பின் வந்த யுத்த காலத்தில் பிள்ளை விடுதிக்குப் போய்ச் சேர்ந்தான் என்ற செய்தி வரும் வரையும் வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருந்ததையும் மறக்க முடியுமா? அந்தப் பயத்திலே உருவான வார்த்தை அது. ஆனால் பிள்ளை அதனை எப்படி விளங்கிக் கொள்ளுகிறான்? "ஒன்றிலையும் தலையைப் போடாதை" என்பதை, "ஒருவருடனும் சேராதே, அறையிலேயே இரு" என்று விளங்கிக் கொள்ளுகிறான். அதன் விளைவைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் மாதத்தை எடுத்துக்கொள்ளுவோம். பாடசாலையிலே மணி அடிக்கும், ஆசிரியர் வருவார், குறிப்புச் சொல்லுவார். மாலையில் ரியூட்டறிக்குப் போனால் அங்கே அச்சடித்த குறிப்பும், பத்து வருஷ வினாத்தாளும், விடையும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் மணி அடிக்காது. விரிவுரையாளர் ஒரு மணி நேரம் பேசுவார்; நான்கைந்து நூல்களின் பெயரைச் சொல்லுவார்; போய்விடுவார். நீ வந்தாயா என்று பதிவேட்டிற் பார்ப்பார்களே தவிர, விளங்கிற்றா என்று பெரும்பாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெரிய விரிவுரை மண்டபத்தில் பின்வரிசையிலே இருக்கும் நம் பிள்ளை, மற்றவர்களுக்கெல்லாம் விளங்குகிறது, தனக்கு மட்டுந்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து எழுதுகிறான். உண்மையில் அவனுக்குப் பக்கத்தில் இருப்பவனும் அப்படியேதான் நினைத்துக்கொண்டு எழுதுகிறான்!

ஒரு சிறு கணக்குச் சொல்லுகிறேன். இப்பொழுது நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே பாடங்களைக் கிரெடிற் என்று அளக்கிறார்கள். ஒரு கிரெடிற் என்றால் மாணவனின் உழைப்பு 50 மணி நேரம் என்பது கணக்கு. அதில் விரிவுரை 15 மணி நேரந்தான். மிகுதி 35 மணி நேரத்தை யார் நடத்துவது? வாசிப்பதும் எழுதுவதும் சிந்திப்பதும் விவாதிப்பதும் அதற்குள் அடக்கம். அந்த 35 மணி நேரத்துக்கு ஆசிரியர் இல்லை, நேரசூசி இல்லை. பாடசாலையில் முதலாம் பிள்ளையாக வந்தவன் முதலாவது செமஸ்டரிலே தடுமாறுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. அவனுக்கு மூளை குறைந்து போகவில்லை. அவனுடைய நேரத்தை அதுகாறும் பிறர் ஆண்டார்கள். இப்பொழுது ஆள ஆளில்லை.

இதனோடு ஆங்கிலம் வந்து சேருகிறது. தமிழிலே உயர்தரம் படித்துவிட்டு, வைத்தியம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் என்று எதற்குப் போனாலும் ஆங்கிலத்திலேதான் விரிவுரை. ஆரம்பத்தில் வைக்கிற ஆங்கில வகுப்பைச் சிலர் "அது பரீட்சைக்கு வராது" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மேலும் ஒரு வழி சொல்லுகிறேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, நாளைய பாடத்தின் அத்தியாயத்தை இன்றிரவே பாருங்கள். ஒருவர் மற்றவருக்கு முதலில் தமிழிலே விளக்குங்கள்; பிறகு அதையே, பிழையோடானாலும், ஆங்கிலத்திற் சொல்லுங்கள். பகிடி பண்ணாத இரண்டு நண்பர்கள் அகப்பட்டால் அது பெரிய பாக்கியம். தனியே அறையில் அகராதியோடு போராடுகிறவன் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் இவர்கள் ஒரு அத்தியாயத்தை முடித்துவிடுவார்கள்.

இனி, வெள்ளிக்கிழமை வருகிறது. விரிவுரை முடிந்ததும் முடியாததுமாகப் பையைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கூட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் கிழமைதோறும் வீட்டுக்கு ஓடுவதற்காகவா அது வந்தது? வெள்ளி இரவு பயணம், சனி தூக்கம், ஞாயிறு மத்தியானம் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுடன் மறுபடியும் பயணம், திங்கள் காலை விரிவுரையில் தூக்கம். இப்படி ஒரு வருஷம் போனால் அந்தப் பிள்ளை ஊரிலும் இல்லை, பல்கலைக்கழகத்திலும் இல்லை. நடுவழியிலே பஸ்ஸில் இருக்கிறான். நாடக ஒத்திகையும், விளையாட்டுப் பயிற்சியும், சங்கக் கூட்டமும், மூத்த மாணவர் வைக்கும் விசேட வகுப்பும் பெரும்பாலும் அந்தச் சனி ஞாயிறிலேதான் நடக்கின்றன. முதல் ஆறு வாரம் மட்டுமாவது வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்கள் என்னைக் கோபிக்கக் கூடாது.

"கொஞ்ச நாள் போகட்டும், இடம் பழகட்டும், பிறகு ஒரு சங்கத்திலே சேரலாம்" என்று சொல்லுகிற மாணவர்கள் அநேகர். நான் பார்த்த வரையில், பழகிய பிறகு சேருவோம் என்று காத்திருந்தவர்கள் இறுதி வருஷம் வரை காத்திருந்தார்கள். சேர்ந்தவர்களுக்கே இடம் பழகிற்று. குளத்தங்கரையிலே நின்று நீச்சல் பழகிக்கொண்டு பின்பு இறங்குவேன் என்றால் நடக்குமா? கதிரை அடுக்குவதற்கு ஒரு கை வேண்டும் என்று மூத்த மாணவன் ஒருவன் கேட்டால், போய் அடுக்குங்கள். மறுநாள் உணவுச்சாலையிலே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவன் இருப்பான். ஆயிரக்கணக்கானவர் நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவன் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது முதன்முறை வீட்டை விட்டுப் போனவனுக்குத் தெரியும்.

இது என்னுடைய சொந்தக் கொள்கையன்று. இந்த நாட்டிலே பல்கலைக்கழகத்தை உண்டாக்கியவர்களின் எண்ணமே இதுதான். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1906 இல் இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்துக்குத் தலைமை தாங்கி இயக்கம் தொடங்கினார்கள். 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. 1924 இல் அவர்கள் காலமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து, 1942 இலேதான் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள், பேராதனையிலே 1952 இல் குடிபுகும்போது, மாணவர் தங்கி வாழும் கல்விக்கழகமாகவே அதனை அமைத்தார்கள். விரிவுரை மண்டபத்தைப் போலவே விடுதி மண்டபமும் கல்வி நிலையமாகக் கருதப்பட்டது. காலியிலிருந்து வந்தவனும் காரைநகரிலிருந்து வந்தவனும் ஒரே மேசையிலிருந்து சாப்பிட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அங்குள்ள விடுதிகளுள் ஒன்றுக்கு அருணாசலம் அவர்களின் பெயரும், இன்னொன்றுக்கு அவர் தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்த விடுதியிலே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதற்கு நாம் பிள்ளையை அனுப்ப வேண்டுமா?

ஒரு நல்ல உதாரணம் சொல்லுகிறேன். 1956 இலே பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சரச்சந்திர அவர்கள் தம் மாணவரைக் கொண்டு "மனமே" என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார்கள். அதற்கு ஆதாரமாயிருந்த நாடகம் என்னும் கிராமிய வடிவம் நம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அது சிங்களக் கலையுலகையே மாற்றியதைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், மட்டக்களப்பிலும் பிற இடங்களிலும் அண்ணாவிமார் வளர்த்துவந்த கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1962 இல் "கர்ணன் போர்" வந்தது. பின்னர் "நொண்டி நாடகம்", "இராவணேசன்", "வாலி வதை" என்று அதே தசாப்தத்திலே தொடர்ந்தன. ஆடியவர்கள் யார்? மாணவர்கள்! "இராவணேசன்" கூத்திலே இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு அவர்கள் பிற்காலத்திலே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார்கள். வித்தியானந்தன் அவர்களோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்கள்.

இதிலே நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது ஒன்றுண்டு. ஊர்க் கூத்து படிக்காதவர்களின் ஆட்டம் என்று அக்காலத்துப் படித்தவர் பலர் முகஞ் சுழித்தார்கள். கிராமத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போனால், தன் காலிலே தாளம் இருப்பதை மறைத்துக்கொண்டே நடப்பான். அப்படி மறைத்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று சரித்திரம் எழுதவில்லை. மறைக்காமற் போய் ஒத்திகையிலே நின்றவர்களுக்கு, தங்கள் ஊர்ச் சொத்து ஆராய்ச்சிக்குரிய கலை என்பது தெரியவந்தது. நீங்களும் ஊரிலிருந்து எதையோ ஒன்றைக் கொண்டு போகிறீர்கள். ஒருவனுக்குத் தேவாரப் பண் தெரியும். ஒருத்திக்குக் கோலம் தெரியும். ஒருவன் கரப்பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். இன்னொருவன் தோட்டக்காரன் மகன், மண்ணைக் கையிலெடுத்தாலே அதன் குணஞ் சொல்லுவான். அதை மறைக்காதீர்கள்.

மேடையிலே தோன்றுவதுதான் பங்குபற்றல் என்று எண்ணி விடவும் வேண்டாம். பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் "இளங்கதிர்" போன்ற மலர்களும், அறுபதுகளிலே மாணவர் வெளியிட்ட "கதைப்பூங்கா", "விண்ணும் மண்ணும்" போன்ற சிறுகதைத் தொகுதிகளும் எழுத்தாளரால் மட்டும் வெளிவந்திருக்குமா? யாரோ ஒருவன் கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்டிருப்பான். யாரோ ஒருத்தி அச்சுப்பிழை பார்த்துக் கண் சிவந்திருப்பாள். இந்த மலருக்கு விளம்பரம் சேர்த்த நம் சங்க வாலிபரைக் கேட்டுப் பாருங்கள். "நாளைக்கு வாங்கோ தம்பி" என்று மூன்று முறை திருப்பி அனுப்பிய முதலாளியிடம் நான்காம் முறை சிரித்த முகத்தோடு போவது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? பொருளாளனாக இருந்தவன் பிறர் பணத்துக்குச் சதக் கணக்குக் காட்டப் பழகுகிறான். செயலாளர் கூட்ட அறிக்கை எழுதும்போது, தமக்குப் பிடிக்காதவர் சொன்னதையும் உள்ளபடி எழுதப் பழகுகிறார். இந்தக் கடைசிப் பழக்கம் நம் சமூகத்திலே அருமையாகத்தான் கிடைக்கிறது.

எந்தச் சங்கத்திலே சேருவது? பேராதனைக் குன்றின்மேல் இந்து மாணவரின் முயற்சியால் எழுந்த குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையில் அங்கே போனால் யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், திருகோணமலையார், மலையகத்தார், கொழும்பார் எல்லாரையும் ஒரே வாசலிற் காணலாம். வீட்டு நினைவால் வாடுகிற புதிய மாணவனுக்கு அது பெரிய ஆறுதல். போங்கள், தொண்டு செய்யுங்கள். ஆனால் அதனோடு நின்றுவிட வேண்டாம் என்று ஓர் இந்து வாலிபர் சங்க மேடையில் நின்றே சொல்லுகிறேன். நம்மவர் நிறைந்த சங்கம் ஒன்றிலும், நம்மவர் அருமையாக உள்ள சங்கம் ஒன்றிலும் சேருங்கள். அது பட்மின்ரனாக இருக்கலாம், வனசீவராசிகள் பற்றிய கழகமாக இருக்கலாம், விவாதக் கழகமாக இருக்கலாம். பேராதனையிலும், கொழும்பிலும், மொறட்டுவையிலும், றுகுணுவிலும் நம் பிள்ளைகள் சிங்கள மாணவரோடு நான்கு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்துவிட்டு, சிங்களத்திலே தேநீர் கேட்கவும் தெரியாமல் திரும்பி வருகிறார்கள். அவர்களும் அப்படியே தமிழ் தெரியாமற் போகிறார்கள். ஒரே வலைக்கு இருபுறமும் நின்று விளையாடினால் மொழி தானாக வரும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கே எடுபட்டவர்கள் "எங்களுக்கு இது பொருந்தாது, நாங்கள் வீட்டிலிருந்து போய் வருகிறோம்" என்று நினைக்கக்கூடும். உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சேர் இராமநாதன் அவர்கள் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரி வளவிலே 1974 இல், பேராசிரியர் கைலாசபதி அவர்களை முதல் தலைவராகக் கொண்டு, அந்த வளாகம் ஆரம்பமாயிற்று. அது வீட்டுக்குப் பக்கத்திலே இருப்பதால், இன்னொரு பாடசாலையாகவே நினைத்து, இரண்டு மணிக்குச் சைக்கிளைத் திருப்பிவிடுகிறீர்கள். தெற்கிலிருந்து வந்து அங்கே படிக்கும் சிங்கள மாணவர்கள் இன்று அநேகர். ஊர்க்காரர் நீங்கள், அவர்கள் நம் விருந்தினர். அவர்களுள் ஒருவரையாவது வீட்டுக்கு அழைத்து ஒரு நேரச் சோறு போட்டவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர்?

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று நாட்டின் பல்கலைக்கழக மாணவருள் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் சங்கங்களிலே ஆண்பிள்ளை தலைவர், பெண்பிள்ளை உபதலைவர் என்பது எழுதாத சட்டம் போல நடக்கிறது. வேலையெல்லாம் அந்த உபதலைவியின் தலையில்! "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை" என்று வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. நாளைக்கு அவள் ஒரு வைத்தியசாலையையோ பிரதேச செயலகத்தையோ நடத்தப் போகிறவள். நடத்திப் பழக வேறு எங்கே போவாள்?

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. பகிடிவதை. "இது புதியவர்களைப் பழக்குவதற்கு, ஏழை பணக்காரன் பேதத்தை ஒழிப்பதற்கு" என்று அதற்கு நியாயம் சொல்லுகிறார்கள். 1975 இல் பேராதனையிலே பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி நடக்கும் சக்தியையே இழந்தாள். 1997 இல் அதே பேராதனையிலே பொறியியல் படிக்கச் சென்ற நம் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையினால் உயிரிழந்தான். அதற்கு மறுவருஷம், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தவனுக்கு இரண்டு வருஷம் வரையும், அதனாற் பாரிய காயம் விளைவித்தவனுக்குப் பத்து வருஷம் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம் என்பது அந்தச் சட்டம். சட்டம் வந்தும் அது ஒழியவில்லை. எந்தப் பேதத்தை அது ஒழித்தது என்று எனக்கு ஒருவரும் இதுவரை காட்டவில்லை. அடிபட்டவன் மறுவருஷம் அடிக்கப் பழகினான் என்பதைத்தான் கண்டேன்.

இங்கே ஒரு சிக்கலுண்டு. பகிடிவதைக்கு உட்படாதவனைச் சங்கத்திலே சேர்க்க மாட்டோம், விளையாட்டிலே சேர்க்க மாட்டோம் என்று சிலர் விலக்கி வைக்கிறார்கள். "சங்கங்களிலே சேர்" என்று நான் சொல்லிவிட்டுப் போய்விட்டால் போதாது. ஆகையால் இதை மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். மாணவர் சங்கங்களுக்குப் பெரும் பொருளாளர் என்று விரிவுரையாளர் ஒருவர் இருப்பார். வாசல் அடைத்திருந்தால் நேரே அவரிடம் போங்கள். உடலிலே கை வைத்தால் அன்றைக்கே விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். சகித்துக்கொண்டு இருப்பது வீரமென்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே பல்கலைக்கழகத்திலிருக்கும் நம் சங்க மாணவருக்கும் ஒரு வார்த்தை: இந்தச் சபையிலே கூட்டுப் பிரார்த்தனையில் முன்வரிசையிலிருந்து பாடிவிட்டு, அங்கே போய்த் தம்பிமாரை முழங்காலிலே நிறுத்துகிறவன் இந்தச் சங்கத்தின் அங்கத்தவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அளவு என்று ஒன்றும் உண்டு. ஒன்பது குழுவிலே பெயர் கொடுத்து ஒன்றிலும் வேலை செய்யாதவர்களையும், துண்டுப்பிரசுரத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்து ஊர்வலத்தின் முன்னே போனவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டு சங்கம் போதும். பரீட்சைக்கு முந்திய மாதத்திலே ஒத்திகைக்கு வரமாட்டேன் என்று சொல்லவும் தெரிய வேண்டும். அப்படிச் சொல்லுகிறவனைத் துரோகி என்று ஏசுகிற சங்கம் நல்ல சங்கமன்று.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரவிலே தொலைபேசி எடுத்தவுடன் "படிச்சியா, சோதினை எப்ப" என்று கேட்கிறீர்கள். அவனும் "ஓம்" என்று சொல்லி வைத்துவிடுகிறான். "இன்றைக்கு ஆரோடை இருந்து சாப்பிட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். மூன்று கிழமையாகத் "தனியத்தான்" என்ற பதிலே வந்தால், ஐயா அடுத்த பஸ்ஸிலே புறப்பட்டுப் போய் ஒரு முறை பார்த்து வருவது நல்லது.

இந்தச் சங்கத்தினரிடமும் ஒன்று கேட்டிருந்தேன். செயலாளர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இப்பொழுது படிக்கும் நம் ஊர் மாணவர்கள் இதே மண்டபத்திலே இருப்பார்கள். புதிதாகப் போகிறவர்கள் வந்து, விடுதி எங்கே, பஸ் எங்கே, மகாபொல விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும், எந்தச் சங்கம் எந்த நாளில் கூடுகிறது என்று எதையும் கேட்கலாம். வாசலிலே ஒரு கொப்பி வைத்திருக்கிறது. போகும்போது பெயரையும், எந்தப் பல்கலைக்கழகம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். மழை வந்தாலும் கூட்டம் நடக்கும்.